பல்டி ஏகாம்பரத்தின் சிரிப்பு ஷாட்

மூக்கில் வைத்த பஞ்சு அரிக்கிறது. சொறிந்துகொள்ள முடியாது, நான் செத்துப் போயிருக்கிறேன். காலை டிபன் ஆனதும் செத்தவன், சாப்பாட்டு வேளை நெருங்கியும் இவர்களுக்கு என் சாவில் திருப்தியில்லை. தாடையைத் தூக்கித் தலையோடு வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நெற்றியில் ஒட்டிய காசு விளக்குச் சூட்டில் தோசைக்கல்லாய்க் காய்கிறது. வாயைக் கட்டியதும் ஒரு விதத்தில் நல்லதுதான், இல்லாவிட்டால் இந்த ஹீரோப் பையனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் மகனாக நடிக்கிறான். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு வரி. ‘உங்க கடைசி ஆசையைக்கூட என்னால நிறைவேத்த முடியலையேப்பா.’ இதில் என்ன கஷ்டம்? ‘கடைசி ஆசையை’ வரைக்கும் சரியாக வருகிறான், அங்கே நின்றுவிடுகிறான், கண்ணை மேலே உருட்டுகிறான் போலிருக்கிறது, எனக்குத் தெரியாது, என் கண் மூடியிருக்கிறது. கட் என்று ஒரு சத்தம். மறுபடி பவுடர், மறுபடி கிளிசரின். எனக்கு மனைவியாக வரும் செங்கமலம் மறுபடி என் மார்பில் விழுந்து அழுகிறாள். நல்ல பெண், நன்றாகவே அழுகிறாள், ஆனால் அழும்போது அவளுடைய கண்ணீர் சரியாக என் இடது காதுக்குள் இறங்குகிறது. பிணத்தின் காதில் தண்ணீர் போனால் பிணம் என்ன செய்ய வேண்டும்? நான் ஒன்றும் செய்யவில்லை. அப்படியும் டைரக்டர் ஸ்ரீகண்டன் என் காதருகே குனிந்து, மூச்சு வயிற்றில் தெரிகிறது, கொஞ்சம் கவனியுங்கள் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்குச் சாகச் சொல்லித் தருகிறார். இவர் அரைஞாண் கட்டித் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே நான் திரையில் செத்தவன். சரி, அது தப்பு. அந்தக் காலத்தில் நான் சாகவில்லை, விழுந்துகொண்டிருந்தேன். அதுதான் இன்றைக்கு விவகாரமே.

இந்தப் படத்தில் எனக்கு ஒரு விழுகை இருந்தது. இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது, வயிறு எரிகிறது. பேரன் பிறந்த சேதி கேட்டுக் கல்கண்டுத் தட்டோடு மாடிப்படி இறங்கி வருகிற தாத்தா, கடைசிப் படியில் வழுக்கி விழுகிறார். தட்டு மேலே போகிறது, கல்கண்டு எல்லார் தலையிலும் கொட்டுகிறது, அவ்வளவுதான், அரை நிமிஷம். கதை சொல்லும்போது ஸ்ரீகண்டன் அந்த இடத்துக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பேசும் படம் வந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் விழச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்க் கூடத்தில் இரண்டு மெத்தையைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். தட்டுக்குப் பதில் முறம். மங்களம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் தரையில் என்றாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள். நான் விழுவதைப் பார்த்துத் தேடுகிறேன் என்று நினைக்கிறாள். எரிச்சலில் இன்னும் இரண்டு தடவை விழுந்தேன். நன்றாகவே வந்தது. உடம்பு மறக்கவில்லை, முழங்கால்தான் கொஞ்சம் முனகியது. அப்படி இருக்க இன்று காலை மேக்கப்புக்கு உட்கார்ந்திருக்கும்போது ஸ்ரீகண்டனே வந்து நிற்கிறார், கையைப் பிசைகிறார். படம் நீளமாகிவிட்டதாம், மாடிப்படி சீனை எடுத்துவிட்டார்களாம். நேராகச் சாவுதானாம். நான் கெஞ்சினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். தட்டு வேண்டாம், கல்கண்டு வேண்டாம், பேரன்கூட வேண்டாம், விழுகிறதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன்.

“இந்த வயசுல இடுப்பு கிடுப்பு போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? அது போகட்டும் ஐயா. ஜனங்க உங்களைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சுட்டா, அப்புறம் நீங்க சாகும்போது அழமாட்டாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முட்டாள்தனமாக ஏதாவது சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். சிரித்தவன் அழமாட்டான் என்பது எனக்குத் தெரியாதா? என் பிழைப்பே ஒரு காலத்தில் அதில்தானே ஓடியது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரை மணலில் கரணம் போட்டுக்கொண்டிருந்தவனைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டி, அதுதான் விளக்கு. மேகம் வந்தால் வேலை நின்றது, எல்லாரும் மாங்காய் தின்றோம். மானேஜர் என்னைப் பார்த்து அந்த மரத்திலிருந்து விழு என்றார், விழுந்தேன். சுவரிலிருந்து விழு என்றார், விழுந்தேன். மாட்டு வண்டியிலிருந்து, கிணற்று மேடையிலிருந்து, மணப்பெண்ணின் அப்பா மடியிலிருந்து. நோட்டீஸில் பல்டி ஏகாம்பரம் என்று போட்டார்கள், கதாநாயகன் பேருக்குக் கீழேதான், ஆனால் எழுத்துப் பெரிசு. விழுவது என்றால் தொப்பென்று விழுவது இல்லை. விழப்போவது விழுகிறவன் முகத்தில் தெரியவே கூடாது. நடந்துகொண்டே இருக்கிறான், நாளைக்கு என்ன குழம்பு என்று யோசிக்கிறான், உடம்பு மட்டும் போய்விடுகிறது, முகம் இன்னும் குழம்பிலேயே இருக்கிறது. அதற்குத்தான் சிரிப்பார்கள். விழுந்த பிறகு இன்னொன்று வைத்திருந்தேன். எழுந்ததும் என் வேட்டியைத் தட்டிக்கொள்ள மாட்டேன். குனிந்து, விழுந்த தரையைத் தட்டிக் கொடுப்பேன், துண்டால் துடைப்பேன், அடிபட்ட குழந்தைக்குச் செய்வதுபோல ஊதிவிடுவேன். டெண்டுக் கொட்டகையில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஜனம் இதற்குப் புரளும். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற ஆள் அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான், பேசினாலும் யாருக்கும் கேட்காது. ஒரு தடவை கிணற்று மேடையில் கை மணிக்கட்டு முறிந்தது. ஐயோ அம்மா என்று நிஜமாகவே கத்தினேன், தோட்டத்துக் காக்கையெல்லாம் பறந்தது. மானேஜர் அந்த ஷாட்டை அப்படியே வைத்துக்கொண்டார். கையில் கட்டோடு கொட்டகையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். என் வாய் பிளந்திருக்கிறது, கண் பிதுங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை, ஆர்மோனியக்காரன் குஷியாக ஒன்றை வாசிக்கிறான், ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலியைக் காணோம், சத்தத்தை எடுத்துவிட்டால் வலி இப்படி இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

பிறகு சத்தம் வந்தது. எல்லாரும் பாடிப் பார்க்கப் போனார்கள், நானும் போனேன். பாட்டு வராது என்று எனக்கே தெரியும், அதற்காக யாரும் என்னைத் தள்ளவில்லை. பேசு என்றார்கள். ஒரு தமாஷ் வசனத்தைக் கொடுத்தார்கள், பேசினேன். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். என் குரல் அப்படி, துக்கவீட்டுக் குரல். காப்பி கொண்டு வா என்று சொன்னால்கூட யாரோ போய்விட்டார் போலிருக்கும். வீட்டில் யாரும் சொன்னதில்லை, கூவம் கரையில் யாரும் சொன்னதில்லை, ஒரு மைக் குழாய்க்கு முன்னால் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து நான் அப்பா. கடன்பட்ட அப்பா, கண்ணிழந்த அப்பா, மகளைத் துரத்திவிட்டு மழையில் தேடுகிற அப்பா, இடையிடையே ஜட்ஜ், ஒரு தடவை முனிவர். எல்லாரும் செத்தார்கள், முனிவர்கூட. குணச்சித்திர நடிகர் என்று பத்திரிகையில் எழுதினார்கள், மாலை போட்டார்கள், தெருவில் பெண்கள் என்னைப் பார்த்தால் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடையில் வரிசையை விட்டு என்னை முன்னால் போகச் சொல்கிறார்கள், பாவம் என்று. என்ன பாவம்? நான் திடமாகத்தான் இருக்கிறேன். விழுந்து காட்டட்டுமா என்று கேட்கத் தோன்றும். யாருக்குத் தெரியும் நான் விழுந்தவன் என்று? அந்தப் படங்களில் ஒரு முழம்கூட மிச்சமில்லை. ரீல்களைக் கழுவி வெள்ளியை எடுத்தார்கள், கழுவிய சுருளை வளையல் செய்கிறவர்கள் வாங்கிப் போனார்கள். ஏதோ ஒரு வருஷம் மூர்மார்க்கெட்டில் மங்களம் வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. அவள் பச்சையா சிவப்பா என்கிறாள், நான் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், கடைக்காரர் முறைக்கிறார். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் நான் சாகிற படம் ஒன்றையும் பார்ப்பதில்லை. சாவு வேஷம் போட்ட அன்று கொல்லைப்பக்கம் சுற்றி வர வேண்டும், ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்பாள், தலை முழுகாமல் உள்ளே விடமாட்டாள். மார்கழியிலும் அதே வாளி, அதே பச்சைத் தண்ணீர். இன்றைக்கும் வைத்திருப்பாள்.

அப்பாடா, ஹீரோ சொல்லிவிட்டான். ‘நிறைவேத்த முடியலையேப்பா’ வரைக்கும் வந்துவிட்டான், கட் என்றதும் யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். இவன் வாயில் என் கடைசி ஆசை முழுசாக வந்து சேர இத்தனை பாடு. இனி மிச்சம் இரண்டு ஷாட். பாடையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவது ஒன்று, சிரிப்பு ஒன்று. இந்தச் சிரிப்புச் சனியனைச் சொல்ல வேண்டும். சாவு வேஷம் போட்டவன் வேலை முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் நாலு அடி பிலிமில் பிடிப்பார்கள். அப்போதுதான் திருஷ்டி கழியும், ஆள் பிழைத்தான் என்று அர்த்தம். பூசணிக்காய் வேறு உடைப்பார்கள். சவுண்டுக்காரர் அதற்குள் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விடுவார், அந்த ஷாட்டுக்குச் சத்தம் கிடையாது. யாரும் பார்க்கப்போவதில்லை, எடிட்டர் வெட்டிக் கூடையில் போடுவார். இத்தனை வருஷம் செத்துச் செத்து அத்தனை தடவையும் சிரித்தாயிற்று. நான் சிரிக்கிறேன், ஒருவரும் சிரிப்பதில்லை, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தமாஷ்காரன் சிரிக்கவே கூடாது என்று தோட்டத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே தமாஷை எடுத்துக்கொண்டு சிரிப்பை மட்டும் கையில் கொடுக்கிறார்கள்.

பாடை தயாராகிவிட்டது, பச்சைத் தென்னங்கீற்றின் வாசனை வருகிறது, என்னைத் தூக்கி அதில் வைக்கிறார்கள். துண்டைத் தோளோடு சுற்றிப் போர்த்துகிறார்கள். கயிற்றால் கட்டிவிடுங்கள் என்று யாரோ சொல்ல, கட்டினால் மாலை மறையும் என்று காமிராமேன் ஜோசப் தடுக்கிறார். இப்போது இன்னொரு சண்டை. தூக்கப்போகிற நாலு பேரும் வடபழனியிலிருந்து வந்த துணை நடிகர்கள், அதில் மூத்தவர் தாண்டவராயன், அவரை எனக்குத் தெரியும், போன படத்திலும் என்னைத் தூக்கியவர். தலை முன்னால் வரட்டும், அப்போதுதான் முகம் காமிராவுக்குக் கிடைக்கும் என்கிறார் ஸ்ரீகண்டன்.

“கால் முன்னாலதாங்க போவணும். தலை முன்னால போனா வூட்டுக்குத் திரும்பி வருதுன்னு அர்த்தம்,” என்கிறார் தாண்டவராயன்.

நிஜப் பிணமா இது என்று ஸ்ரீகண்டன் கேட்கிறார். அது சரிதான், ஆனாலும் என்று தாண்டவராயன் இழுக்கிறார். என்னைக் கேட்பார் யாருமில்லை. எனக்கு எந்தப் பக்கம் போனாலும் சம்மதம், சீக்கிரம் போனால் சரி, மூக்கரிப்பு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கடைசியில் டைரக்டர் சொன்னபடியே ஒத்திகை பார்த்தார்கள். தலை முன்னால், டிராலி தண்டவாளத்தை ஒட்டி, வாசல்படியில் கொஞ்சம் நிதானம், தெரு. சங்கு ஊதுகிறவர் இருமிக்கொண்டார். ஸ்டார்ட் என்றார்கள். தூக்கினார்கள். தோளுக்கு வந்துவிட்டேன், இந்த உயரம் எனக்குப் பழக்கம், சுவர் உயரம். செங்கமலம் பின்னாலிருந்து கதறுகிறாள், சங்கு, தப்பட்டை, என் கீழே நாலு பேரின் மூச்சு. வாசல் வருவது எனக்குத் தெரிகிறது, கண்ணை மூடிக்கொண்டே தெரிகிறது, விளக்கின் சூடு கன்னத்திலிருந்து நெற்றிக்கு வருகிறது. அங்கேதான் நடந்தது. வாசலைக் கண்டதும் தாண்டவராயனின் தோள் தானாகத் திரும்புகிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எத்தனை பேரை நிஜமாகத் தூக்கியிருப்பார், வாசலில் காலை முன்னால் திருப்பிப் பழகிய தோள் அது, ஒத்திகையெல்லாம் தோளுக்கு ஏறாது. அவர் வலப்பக்கம் திரும்ப, எதிர்த்தோள்காரன் நேராகப் போக, பின்னால் இருந்தவன் டிராலி தண்டவாளத்தில் கால் வைக்க, கீற்று சரிகிறது, நான் நழுவுகிறேன். நேரம் நிறைய இருந்தது. விழும்போது எப்போதுமே நேரம் நிறைய இருக்கும். துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துவிடலாம், மூங்கிலைப் பிடித்துக்கொள்ளலாம், ஐயா உயிரோடுதான் இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கட்டைவிரல் கட்டியிருக்கிறது, காலை ஊன்ற முடியாது, இடது இடுப்பில்தான் விழுவேன் என்பதுவரை தெரிகிறது. ஆனால் கை நீட்டினால் அது விபத்து. நீட்டாவிட்டால் விழுகை. விழப்போவது முகத்தில் தெரியக் கூடாது அல்லவா, இதைவிடத் தெரியாத முகம் யாருக்குக் கிடைக்கும்? நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு. நான் கையை எடுக்கவில்லை. பிணமாகவே போனேன். முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு தலை மெதுவாக வந்து படிந்தது, காசு கழன்று உருண்டு எங்கேயோ போய் வட்டம் சுற்றி விழுகிற சத்தம் கடைசியாகக் கேட்டது.

முதல் சிரிப்பு மேலே பரணிலிருந்து வந்தது, விளக்குக்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் அடக்கப் பார்த்து மூக்கால் வெடித்தான். அப்புறம் தப்பட்டைக்காரன். அப்புறம் செங்கமலம், கதறலுக்கு நடுவிலேயே மாறிவிட்டாள், எங்கே அழுகை நின்றது எங்கே சிரிப்பு தொடங்கியது என்று சொல்ல முடியாது, அப்புறம் மொத்த ப்ளோரும். எனக்குக் கண்ணைத் திறக்க மனமில்லை. எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு, மண் தரையிலிருந்து கிளம்பி வருமே, அதேதான், இது சிமெண்டுத் தரை, அதனால் என்ன. ஸ்ரீகண்டன் சிரிப்பை நிறுத்துங்கள் என்று கத்துகிறார். நான் அசையவில்லை. சிரிப்பு கொஞ்சம் தணிந்தது, ஒருவர் நிறுத்தினார், இன்னொருவர் நிறுத்தினார், பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஐயா என்று ஸ்ரீகண்டனின் குரல் பக்கத்தில் வருகிறது, நடுங்குகிறது. பொறு, பொறு, இன்னும் கொஞ்சம், இங்கேதான் எல்லாரும் அவசரப்பட்டுக் கெடுப்பார்கள். ஐயா, ஐயா. இப்போது. எழுந்து உட்கார்ந்தேன். தாடைக் கட்டை அவிழ்த்தேன். மேலே சுற்றிய துண்டை உருவி, விழுந்த இடத்தில் தரையைத் துடைத்தேன், தட்டிக் கொடுத்தேன், குனிந்து ஊதினேன். பஞ்சு ஒன்று மூக்கிலிருந்து தெறித்தது, அது நான் வைத்ததில்லை, தானாக வந்தது, நல்லதுதான். சிரிப்பில் கொட்டகையே இடிந்து விழுந்தது. ஸ்ரீகண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார், திட்டப்பார்த்துத் திட்ட முடியாமல் சிரிக்கிறார். தாண்டவராயன் என் கால்விரல் கட்டை அவிழ்த்துவிட்டுக் காலைத் தொட வருகிறார். ஜோசப் காமிராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுகிறார், பிலிம் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்படியே சிரிப்பு ஷாட்டையும் முடித்துவிடலாம் என்கிறார். சவுண்டுக்காரர் காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டார்.

“எழுந்து நின்னு ஒரு சிரிப்பு சிரிச்சிடுங்க ஐயா, சாப்பாட்டுக்குப் போயிடலாம்,” என்கிறார் ஸ்ரீகண்டன்.

எழுந்து நிற்கலாம் என்று இடது காலைக் கூப்பிட்டேன், வரவில்லை. இடுப்புக்குக் கீழே அது வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது, கிடந்த இடத்திலிருந்து ஒரு வலி கிளம்பி முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது, மணிக்கட்டு வலியெல்லாம் இதற்கு முன்னால் குழந்தை. ஸ்ரீகண்டன் சொன்னதுதான் சரி, சண்டாளன், இடுப்பு கிடுப்பு போச்சுன்னா என்றாரே. மங்களம் வாளித் தண்ணீரோடு கொல்லையில் காத்திருப்பாள், இன்றைக்கு நான் கொல்லைப்பக்கம் சுற்றி நடந்து வரப்போவதில்லை. சொல்ல வேண்டும். வாயைத் திறந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால் போதும், என் குரலில் சொன்னால் போதும், அந்தக் குரலைக் கேட்டதும் இத்தனை பேர் சிரிப்பும் நின்றுவிடும். பரணில் ஒருவன் இன்னும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் கொண்டிருக்கிறான். செங்கமலம் மூச்சு வாங்குகிறாள், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாள். ஜோசப் சிரிங்க ஐயா என்கிறார், காமிரா ஓடுகிற சத்தம் கேட்கிறது, சவுண்டு இல்லை. நான் உட்கார்ந்தபடியே காமிராவைப் பார்த்தேன். வலி கழுத்துக்கு வந்துவிட்டது. வாயை அகலமாகத் திறந்தேன், கண் பிதுங்கட்டும் என்று விட்டேன், கிணற்று மேடையில் கத்தியதை அப்படியே, காக்கை பறக்காமல், சத்தமில்லாமல் கத்தினேன். அவர்கள் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்து முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்.